சிமெண்டுத் தரையில் மஞ்சள் பாதங்கள்

போன வாரம் ஒரு பெண் போன் செய்தாள். நான் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில், என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் யோகா பயிற்றுநர். நல்ல பெண்தான். மரியாதையாகத்தான் பேசினாள்.

"டீச்சர், யோகா தின மலருக்கு ஒரு கட்டுரை வேணும். தாடாசனத்தப் பத்தி எழுதிக் குடுங்க. ஒங்களுக்குச் சுலபமா இருக்கும்லா, சும்மா நிக்கதுதான? பலன் மட்டும் ஒரு பத்து பாயிண்டாப் போட்டுருங்க."

கூடவே ஒரு மாதிரியும் அனுப்பியிருந்தாள். யாரோ தயாரித்த வண்ணப்படம். தாடாசனம் செய்தால் உயரம் கூடும், சர்க்கரை குறையும், முகம் பொலிவு பெறும், ஞாபக சக்தி வளரும், கணவன் மனைவிக்குள் ஒற்றுமை ஓங்கும் என்று போட்டிருந்தது. கடைசிப் பலனைப் படித்தபோது எனக்கு வந்த கோபத்தில் காபி ஆறிப்போனது தெரியவில்லை. "யாரைப் போட்டு இந்த ஏச்சு ஏசுத?" என்று வீட்டுக்காரர் உள்ளே இருந்து கேட்டார். ஒற்றுமை ஓங்கிய லட்சணம் அவ்வளவுதான்.

பத்து பாயிண்ட் என்னிடம் இல்லை. நடந்ததை எழுதித் தருகிறேன். மலரில் போடுவார்களோ மாட்டார்களோ, அது அவர்கள் பாடு. கோவில்பட்டியைச் சுற்றி உள்ள ஒரு ஆஸ்பத்திரி என்பதற்கு மேல் இடத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஒரு வருடப் பயிற்சியும் ஒரு சான்றிதழும் நிறைய திமிரும் என்னிடம் இருந்தன. தலைகீழாக நிற்பேன், பின்னால் வளைந்து கணுக்காலைப் பிடிப்பேன். அங்கே பெரிய டாக்டர் என்று எல்லோரும் சொல்லும் ஒருவர் யோகா பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் ஒரு தேங்காய் நார்த் துண்டு இருக்கும். அது எதற்கு என்று பிறகு சொல்கிறேன். முதல் நாள் நான் செய்யத் தெரிந்த ஆசனங்களை எல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிம்மா, செருப்பக் கழத்திட்டு இங்கன நில்லு" என்றார்.

நின்றேன். குட்டையான ஒரு முக்காலியைப் போட்டு என் காலடியில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் முகத்தையே பார்க்கவில்லை. பிறகு, "இன்னொருக்க" என்றார். விலகி வந்து மறுபடியும் நின்றேன். "இன்னொருக்க." அதற்கு மேல் அன்றைக்கு அந்த ஒரு சொல்லைத் தவிர அவர் வேறு எதுவும் பேசவில்லை. ஒன்றரை மாதம் எனக்கு வேறு ஆசனமே கிடையாது. அழுகையாக வந்தது. ஊருக்கு எழுதிய கடிதத்தில் அவரைப் பைத்தியம் என்றுகூட எழுதினேன்.

அவரிடம் ஒரு தகரத் தட்டு இருந்தது. இரண்டு ஆள் நிற்கலாம், அவ்வளவு பெரியது. காலையில் வந்ததும் நாங்கள் செய்யும் முதல் வேலை, அதில் சலித்த கரிசல் மண்ணைப் பரப்பித் தண்ணீர் தெளித்துப் பிசைவது. சப்பாத்தி மாவைவிடக் கொஞ்சம் தளர்வாக இருக்க வேண்டும். நம்ம ஊர்க் கரிசல் ஈரமாக இருந்தால் அதன் மேல் எது பட்டாலும் அச்சு அப்படியே விழும். நோயாளி தட்டில் ஏறிப் பத்து மூச்சு நின்று இறங்குவார். பெரிய டாக்டர் அந்த அச்சுக்குள் விரலை விட்டு ஆழம் பார்ப்பார். தேங்காய் நார் இதற்குத்தான். நாரை அச்சுக்குள் செங்குத்தாக வைத்து, மண் எந்த மட்டத்தில் நிற்கிறதோ அங்கே நகத்தால் மடக்குவார். குதிகாலில் ஒன்று, பெருவிரல் மேட்டில் ஒன்று, சுண்டுவிரல் மேட்டில் ஒன்று. மூன்று மடிப்பும் ஒன்றுபோல வந்தால் அந்தக் கால் ஒழுங்காக நிற்கிறது. வலது காலுக்கும் இடது காலுக்கும் வித்தியாசம் இருந்தால் எங்கேயோ உடம்பு கள்ளத்தனம் பண்ணுகிறது.

அச்சைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார். சீட்டுக் கம்பியில் சாய்ந்தே பல வருடம் நின்ற பஸ் கண்டக்டருக்கு இடது பாதத்தின் வெளி ஓரம் மட்டும் பள்ளமாக இருக்கும். தீப்பெட்டி ஆபீஸில் ஒரு காலை மடக்கியே உட்கார்ந்து வேலை செய்யும் பெண்களுக்கு ஒரு குதிகால் பதியவே பதியாது. "இடுப்பு வலிக்கின்னு வந்திருக்கீங்க. வலி இடுப்புல இருக்கு, வம்பு இங்கன இருக்கு" என்று அவர்களுக்கு அச்சைக் காட்டுவார். படிக்காத பெண்கூட அதைப் பார்த்த உடனே புரிந்துகொள்வாள்.

இப்போது போன் செய்த அந்தப் பெண்ணுக்காக எழுதுகிறேன், கவனமாகப் படிக்கட்டும். பாதங்கள் இரண்டும் இடுப்புக்கு நேர் கீழே இருக்க வேண்டும். சிலருக்கு நாலு விரல் இடைவெளி வரும், சிலருக்கு ஆறு வரும். விரல்களை விரித்து, பிறகு லேசாக வைக்க வேண்டும். பாரம் குதியிலும் இரண்டு மேடுகளிலும் சமமாக இறங்க வேண்டும். முட்டிச் சில்லை மெல்ல மேலே தூக்குவது வேறு, முட்டியைப் பின்னால் தள்ளிப் பூட்டுவது வேறு. பூட்டினால் தொடைக்கு வேலை போய்விடும், கீழே இறங்கிய ரத்தம் மேலே ஏறத் திணறும், வெயிலில் அப்படி நின்றால் ஆள் பொத்தென்று விழுவான். பள்ளிக்கூடத்தில் அட்டென்ஷனில் நின்ற பிள்ளைகள் மயங்கி விழுந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். காலையில் சாப்பிடவில்லை என்று பிள்ளையின் அம்மாவைக் குற்றம் சொல்வார்கள். பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டும் நிற்கக் கூடாது, உள்ளே மடக்கிக்கொண்டும் நிற்கக் கூடாது. விலாவை முன்னால் தள்ளாமல் நெஞ்சு விரிய வேண்டும். தோள் காதைவிட்டு இறங்க வேண்டும். தாடை தரைக்கு நேராக இருக்க வேண்டும். பத்து மூச்சு போதும். கையைத் தூக்கி நுனிக்காலில் எழும்புவதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

பலன் என்ன? எந்தக் காலை நீங்கள் ஏமாற்றுகிறீர்கள் என்று தெரியவரும். நெடுநேரம் நிற்கிறவர்களுக்கு அலுப்பு குறையும். சாய்ந்து நின்று வந்த இடுப்புவலி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். வயதானவர்கள் தடுமாறி விழுவது குறையும். மூச்சு தடங்கலில்லாமல் போகும். நின்று செய்கிற மற்ற ஆசனங்களுக்கு எல்லாம் இதுதான் அடி. இவ்வளவுதான், நாற்பது வயதுக்காரனுக்கு உயரம் கூடாது.

பெரிய டாக்டர் ஓய்வு பெற்றுப் போனார். கொஞ்ச காலத்தில் நிர்வாகத்துக்கு ஒரு புது அதிகாரி வந்தார். சுத்தம் பார்க்கிறவர், அதில் குறை சொல்ல மாட்டேன். மண் தட்டைப் பார்த்து மூக்கைப் பொத்தினார்.

"மேடம், இது ஆஸ்பத்திரியா, களிமண் பொம்மை செய்யிற இடமா? இன்ஃபெக்‌ஷன் வராதா?"

"தெனமும் மண்ண மாத்துதோம் சார். புண்ணு இருக்கவங்கள ஏத்துறதில்ல."

"எடுத்துடுங்க. நான் மாடர்னா ஒண்ணு ஏற்பாடு பண்றேன்."

அந்த மாடர்ன் ஏற்பாடு என்ன தெரியுமா? பெயிண்டரைக் கூட்டிவந்து சிமெண்டுத் தரையில் மஞ்சள் பெயிண்டில் ஜோடி ஜோடியாகப் பாதங்கள் வரையச் சொன்னார். நாலு வரிசையில் நாற்பது ஜோடி. எல்லாம் ஒரே அளவு, எல்லாவற்றுக்கும் ஒரே இடைவெளி. ஆறடி ஆளும் அதில்தான் நிற்க வேண்டும், நாலரை அடிக் கிழவியும் அதில்தான் நிற்க வேண்டும். செருப்புக் கடையில்கூட அளவு கேட்டுத்தான் செருப்பு எடுத்துப் போடுவான்!

சண்டை போட்டேன். போடவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் எவ்வளவு போட்டேன் என்று கேட்டால், இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். தட்டைக் கொண்டுபோய்க் குப்பைக்கிடங்கு பக்கம் போட்டதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் பெத்தையா வந்தார். நாகலாபுரம் பக்கத்துக்காரர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். செம்மறியாடு மேய்க்கிறவர். வலது இடுப்பில் பிடித்து முட்டி வரை இறங்கும் வலி. கூடவே அவர் சம்சாரம் கோமதி. பேச்செல்லாம் அந்த அம்மாதான்.

"இவியளால ஆட்டுக்குப் பின்னால நடக்க முடியல டீச்சர். ஆட்டுக் கெடையத் தம்பிட்ட விட்டுரு விட்டுருன்னு எல்லாரும் சொல்லுதாக. விட்டா இவிய செத்துருவாக. மனுசங்கள்ட்ட பேசுறதவிட ஆட்டுட்டதான் நெறயப் பேசுவாக."

பெத்தையா தொரட்டிக் கம்பை இடது பக்கம் ஊன்றி, வலது காலில் நின்று, இடது பாதத்தைத் தூக்கி வலது முட்டிமேல் வைத்துக்கொண்டார். மேய்ச்சல் காட்டில் இதைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். பிள்ளைப் பருவத்திலிருந்து அவர் நின்ற நிலையே அதுதான். ஒரு கால், ஒரு கம்பு, அப்பப்போ மாற்றிக்கொள்ள இன்னொரு கால். வயது ஏற ஏற அந்த மாற்றல் நின்றுபோய், பாரமெல்லாம் வலது காலிலேயே இறங்கியிருந்தது. மண் தட்டு இருந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். கம்பை வலது கைக்கு மாற்றி, இரண்டு காலிலும் நிற்கப் பழக்கியிருந்தாலே பாதி வேலை முடிந்திருக்கும்.

நான் என்ன செய்தேன்? மேலிடத்திலிருந்து பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார் என்று ஆஸ்பத்திரியே அல்லோலப்பட்டுக்கொண்டிருந்தது. நாற்பது நோயாளிகள் மஞ்சள் பாதங்களில் ஒரே வரிசையாகத் தாடாசனம் செய்து காட்ட வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும். ஒத்திகையில் ஆள் கணக்குக்குப் பெத்தையாவையும் சேர்த்துவிட்டார்கள். "கம்ப அங்கன சாத்தி வைங்க அண்ணாச்சி. யோகாவுக்குக் கம்பு எதுக்கு?" என்று சொன்னது இந்த வாய்தான். அவர் கம்பை வைத்துவிட்டு, அம்மணமாக நிற்கிறவர்போலக் கூசிக்கொண்டு நின்றார். இடுப்பு கோணியது. போட்டோவில் அசிங்கமாக விழும் என்று எங்கள் அதிகாரி சொன்னார். நான் போய் அவர் இடுப்பைக் கையால் தள்ளி நேராக்கி, "முட்டிய டைட்டா வைங்க" என்றேன். அவ்வளவு வருடம் தேங்காய் நாரால் அளந்தவரிடம் வேலை கற்றவள் சொன்ன சொல் இது. எழுதும்போதே என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

கிளம்பும்போது பெத்தையா கேட்டார். "வீட்ல எம்புட்டு நேரம் நிக்கணும் டீச்சரம்மா?"

நாலு பேர் நாலு பக்கம் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "முடிஞ்ச மட்டும் நில்லுங்க" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

பாங்க் கிளார்க்கிடம் இதைச் சொன்னால் இரண்டு நிமிடம் நின்றுவிட்டு உட்கார்ந்துவிடுவான். பொழுது விடிந்து அடையும்வரை நிற்பதையே பிழைப்பாக வைத்திருக்கும் ஒரு மனுசனிடம் சொன்னேன். அவருக்கு முடிகிற மட்டும் எவ்வளவு என்று எனக்கு என்ன தெரியும்?

பங்குனி வெயில். மத்தியானம் ஆடுகள் ஒன்றன் வயிற்றடியில் ஒன்று தலையை நுழைத்துக்கொண்டு அடங்கியிருக்கின்றன. பெத்தையா தொரட்டியைத் தூரத்தில் வைத்துவிட்டு, நான் சொன்னபடி முட்டியைப் பூட்டி, அசையாமல் நின்றிருக்கிறார். கம்பு இருந்தால் கால் மாற்றுவார், சாய்வார், ரத்தம் ஓடும். அதை எல்லாம் நான்தான் தப்பு என்று எடுத்துவிட்டேனே. நின்றார், நின்றார், மயங்கி முகங்குப்புற விழுந்தார். வெடித்துக் கிடந்த கரிசலில் கை அடியில் மடங்கி விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது.

அவர் நினைவில்லாமல் கிடந்த நேரத்தில் ஆடுகள் எழுந்துவிட்டன. பக்கத்துப் புஞ்சையில் அறுத்த சோளத்தாள் ஒரு கோடை மழைக்கு மறுபடி துளிர்த்து, பிறகு தண்ணீர் இல்லாமல் வாடி நின்றது. அந்தத் துளிர் ஆட்டுக்கு விஷம். ஆட்டுக்காரர்களுக்குத் தெரியும், ஆட்டுக்குத் தெரியாது. அவர் கண் விழித்து ஒற்றைக் கையால் கல்லெறிந்து விரட்டுவதற்குள் பாதிக் கிடைக்கு மேல் நுரை தள்ளி விழுந்துவிட்டன. மிச்சத்தை முறிந்த கையோடு மேய்க்க முடியாமல் தம்பியிடம் விட்டுவிட்டார்.

செய்தி மூன்றாம் நாள் வந்தது. அதிகாரி என்னைக் கூப்பிட்டார். பார்வையிடல் அடுத்த வாரம், அவர் கவலை அது.

"மேடம், ரெஜிஸ்டர்ல 'நோயாளி அறிவுரையை மீறி அளவுக்கு அதிகமாகப் பயிற்சி செய்ததால் விழுந்தார்'னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. ஆடு மேய்க்கிறவங்களுக்கெல்லாம் யோகா சொல்லிக் குடுத்தா இப்படித்தான்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எனக்கு உச்சி மண்டை வரை ஏறியது. "அறிவுரைய அவர் மீறல சார். நான் என்ன சொன்னேனோ அத அப்படியே செஞ்சாரு. அதனாலதான் விழுந்தாரு" என்றேன். வெள்ளைத்தாள் எடுத்து, முட்டியைப் பூட்டச் சொன்னதும் கம்பை எடுத்ததும் நேரம் சொல்லாததும் என் தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு மேசையில் வைத்தேன். அவர் அதை இரண்டாக மடித்து மேசை இழுப்பறைக்குள் போட்டார். ரெஜிஸ்டரில் அவர் சொன்ன வாக்கியத்தை வேறொருவர் கையால் எழுதவைத்தார். எனக்கு ஒரு மெமோ வந்தது. பார்வையிடல் நல்லபடியாக முடிந்தது, போட்டோ பேப்பரில் வந்தது.

ஒருநாள் லீவு போட்டுவிட்டு பெத்தையா ஊருக்குப் போனேன். கோமதி வாசலிலேயே மறித்தாள். "போதும் தாயி, நீங்க சொல்லிக் குடுத்தது போதும்" என்றாள். உள்ளே கட்டிலில் அவர் கால் தெரிந்தது. அந்த அம்மா சொன்னதில் என்ன தப்பு? ஒன்றும் பேசாமல் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். எழுதிக் கொடுத்துவிட்டோம், மெமோவும் வாங்கிவிட்டோம், நம்ம பங்கு முடிந்தது என்று ஒரு நினைப்பு. அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வருடம் வீறாப்பாகத் திரிந்தேன். நியாயத்துக்காக அதிகாரியை எதிர்த்தவள் என்று ஆஸ்பத்திரியில் எனக்குப் பேர்கூட இருந்தது.

மறு வருடம் ஒரு காலை, வெளிநோயாளிகள் வரிசையில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் நின்றார். பெத்தையா. சோலார் கம்பெனி ஒன்றில் கேட் வாட்ச்மேன் வேலை என்றார். முன்னால் ஆடு மேய்த்த புஞ்சைக் காட்டில் இப்போது கம்பி வேலி, அந்த வேலிக்கு அவர் காவல்.

"வலி இருக்கா அண்ணாச்சி?"

"இல்ல டீச்சரம்மா. ஒங்கள ஒண்ணு கேட்டுட்டுப் போகணும்னு வந்தேன்."

செருப்பைக் கழற்றினார். மஞ்சள் பாதங்களை விட்டுத் தள்ளி, வெறும் தரையில் நின்றார். நான் தரையில் உட்கார்ந்து பார்த்தேன். குதி, இரண்டு மேடு, எல்லாம் ஒரே சீராக இறங்கியிருந்தன. முட்டி பூட்டவில்லை. இடுப்பு நேராக இருந்தது. தோள் இறங்கியிருந்தது. முப்பத்தோரு வருடத்தில் நான் சொல்லிக் கொடுத்து யாரும் அப்படி நின்றதில்லை.

"சரியா நிக்கேனா?"

"ரொம்பச் சரியா நிக்கீங்க அண்ணாச்சி. யார் சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்ல. நாந்தான் சொன்னதக் கேக்காம நின்னு விழுந்தேன்னு ஆஸ்பத்திரி நோட்டுலயே எழுதியிருக்காம்லா. அன்னைக்கு எங்கன தப்பு விட்டேன்னு தெனமும் கேட்ல நின்னு நின்னு பாக்கேன். ஆடெல்லாம் போச்சே, என்ன தப்புன்னாவது தெரியணும்லா. இன்னும் பிடிபடல. அதான் கேக்க வந்தேன்."

"தப்பு ஒங்க மேல இல்ல அண்ணாச்சி. நான் சொல்லிக் குடுத்ததுதான் தப்பு. அன்னைக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்" என்றேன்.

"எழுதிக் குடுத்தீங்களா? யார்ட்ட?"

"ஆபீஸ்ல."

அவர் குனிந்து செருப்பை மாட்டினார். ஒன்றை மாட்டிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு மற்றதையும் மாட்டினார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபமே இல்லாமல்தான் கேட்டார்.

"எங்கிட்ட சொல்லலியே தாயி?"